பழைய ஸ்ப்ளெண்டர் வெட்டி வெட்டி ஓடுகிறதா? கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

அப்பாவின் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் 2003 மாடல். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மாட்டுக்கொட்டகைச் சார்ப்பில் இரண்டு மழைக்காலம் நின்ற வண்டியை நான் எடுத்து ஓட்டத் தொடங்கியபோது நேரத்துக்கு ஒரு குணம் காட்டியது. காலையில் உதைத்தால் கிளம்பிவிடும். சூடானதும் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, அணைந்துவிடும். நாற்பதைத் தாண்டினால் வெட்டும். கடைத்தெருவில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து உதைத்தால் உயிரே வராது. முதலில் காட்டிய கடையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இரண்டாவது கடையில் கார்புரேட்டரையே புதிதாக மாற்றினார்கள். வண்டி அப்படியேதான் இருந்தது.

பிறகு நானே ஒவ்வொன்றாகப் பார்த்ததில் மூன்று குறைகள் தெரிந்தன. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் டேப்பட், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்க்ரூ, இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தது. பெட்ரோல் டேப்பின் வலையில் துரு அடைத்திருந்தது. கார்புரேட்டருக்கும், வால்வுகள் இருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து காற்று பிடித்தது, அதாவது வெளிக்காற்று உள்ளே புகுந்தது. மூன்றுமே கார்புரேட்டருக்கு வெளியே இருந்தவை. பழைய வண்டியில் குறை பெரும்பாலும் இப்படிக் கூட்டமாகத்தான் வரும். ஒன்றைச் சரிசெய்ததும் முழுக்குணம் தெரியவில்லை என்று அந்த வேலையையே கலைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடினால், கடைசிவரை எது காரணம் என்று தெரியாது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். செய்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். குறை எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்பதைக் கவனியுங்கள். குளிர்ந்திருக்கும்போதா, சூட்டிலா, மேட்டிலா, மழையிலா என்பதை வைத்தே பாதி இடங்களைத் தள்ளிவிடலாம்.

இங்கே சொல்வது 97.2 சிசி கார்புரேட்டர் இன்ஜினுக்கு. 1994-இல் ஸ்ப்ளெண்டர் வந்ததிலிருந்து 2020-இல் பிஎஸ் 6 புகை விதி வரும்வரை அடிப்படை இதுதான். சிடி 100, பழைய பேஷன் ஆகியவற்றிலும் இதே குடும்பத்து இன்ஜின் என்பதால் அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்குப் பொருந்தாது.

முதலில் ஒரு சோதனை: இன்ஜினா, சக்கரமா?

"வண்டி உதறுது" என்று வருகிறவர்களில் பலருக்கு இன்ஜின் நன்றாகவே இருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். இங்கேயே தடுமாறினால் இன்ஜின் பக்கம். இங்கே ஒழுங்காக ஏறி இறங்கி, சாலையில் மட்டும் வெட்டினால், நேரான காலிச் சாலையில் கிளட்ச்சைப் பிடித்து வண்டியை உருள விடுங்கள். அப்போதும் உதறல் தொடர்ந்தால் இன்ஜினை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள்: டயர், வீல் பேரிங், வளைந்த ரிம், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஷூ.

கிளட்ச் பிடித்தால் நின்று, விட்டால் திரும்பும் வெட்டு என்றால் செயினைப் பாருங்கள். செயின் கவரின் பார்வைத் துளையில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். முக்கியமானது, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டும். ஓர் இடத்தில் தொங்கி, இன்னோர் இடத்தில் கம்பி போல இறுகினால் அந்தச் செயினை எந்த அளவில் வைத்தாலும் வெட்டும். செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் வீணாகும். பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களையும் அதே கையோடு பாருங்கள். அவை நைந்திருந்தால் ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதும் "டக்" என்று ஓர் இடி வரும்.

நிலுவை வேலைகளை முடித்துவிட்டு நோயைத் தேடுங்கள்

பல வருடம் கவனிக்காத வண்டியில் நேரடியாகக் குறையைத் தேடுவது, பசியோடும் தூக்கமில்லாமலும் இருப்பவருக்கு ரத்தப் பரிசோதனை எடுப்பது போல. எண்ணெய், காற்று, பெட்ரோல், பிளக், டேப்பட் (இது அடுத்த பகுதியில்) ஐந்தையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தாலே பாதிக் குறை போய்விடும். மிச்சம் இருப்பதுதான் உண்மையான குறை.

பெட்ரோலில் தொடங்குங்கள். வெட்டவெளியில், பக்கத்தில் விளக்கோ பீடியோ இல்லாத இடத்தில். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் வெயிலுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாகவோ தனி அடுக்காகவோ உட்காரும். துரு இருந்தால் செம்மண் போலத் தங்கும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஓடும் வண்டியில் இது பெரிய சிக்கல் அல்ல. மாதக்கணக்கில் கால் டேங்க் பெட்ரோலோடு நிற்கும் வண்டியில் சிக்கல். நின்ற வண்டியின் பழைய பெட்ரோலை முழுதாக வடித்துவிடுங்கள். பெட்ரோல் டியூபை வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தாலோ, ஊறி வழுவழுப்பாகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

அடுத்து இன்ஜின் ஆயில். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். 10டபிள்யூ30 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜாசோ எம்ஏ (பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். இந்த வண்டியில் கிளட்ச் பிளேட் இதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. காருக்கான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவ வாய்ப்பு உண்டு. அளவு பார்க்கும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும், டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். வடித்த பழைய ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் வால்வு கசிந்து இரவெல்லாம் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டரிலேயே மறுபடி மாற்றுவது நல்லது.

இந்த இன்ஜினில் காரில் இருப்பது போன்ற காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், கிராங்க்கோடு சேர்ந்து சுழன்று அழுக்கை ஓரத்துக்கு ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான் உண்டு. வலது பக்கக் கவரைக் கழற்றினால்தான் அந்தக் கிண்ணம் தெரியும் என்பதால் ஆயில் மாற்றும்போது யாரும் திறப்பதில்லை. எங்கள் வண்டியில் உள்ளே தார் போலக் கெட்டியான கறுப்புச் சேறு விரல் கனத்துக்கு இருந்தது. பதினைந்து இருபது வருட வண்டி என்றால் ஒருமுறை திறந்து துடையுங்கள். புது கேஸ்கெட் கையில் இல்லாமல் கவரைத் தொட வேண்டாம்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகை என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, கொஞ்சம் ஆயில் தோய்த்துப் பிழிந்து போடலாம். காகித வகை என்றால் புதிது வாங்குங்கள். பெட்டிக்குள் எலி கூடு வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கொட்டகையில் நின்ற வண்டிகளில் சாதாரணமாக நடப்பது.

பிளக்கை 16 மி.மீ. பிளக் ஸ்பேனரால் கழற்றுங்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. இருக்க வேண்டும். பழைய பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள், அது பேசும். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிப்பு சரி. மை போல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். பளபளக்கும் ஈரக் கறுப்பு என்றால் ஆயில் மேலேறுகிறது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் காற்று அதிகம், சூடும் அதிகம். புதிய பிளக்கைக் கையாலேயே கடைசிச் சுற்றுவரை திருகி, பிறகு மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். அலுமினிய ஹெட்டின் மரை போனால் செலவு பெரிது.

காலையில் நன்றாகக் கிளம்பும். சூடானால் ஸ்லோவில் நிற்காது, உதைத்தால் வராது

இந்தக் குறையைத்தான் மிகப் பலர் கார்புரேட்டர் என்று நினைத்துக் காசைக் கொட்டுகிறார்கள். நானும் கொட்டினேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வால்வும் அதன் இருக்கையும் ஓட ஓடத் தேயும். தேயும்போது வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறுகிறது, அதன் தண்டு ராக்கரை நெருங்குகிறது, இடைவெளி குறைகிறது. அதாவது டேப்பட் லூசாவது மட்டுமல்ல, தானாகவே இறுகவும் செய்யும். லூசானால் "கட கட" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இறுகினால் சத்தமே வராது. "டேப்பட் சத்தமே இல்லை, இன்ஜின் பட்டு மாதிரி ஓடுது" என்று சந்தோஷப்படும் வண்டியைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

குளிர்ந்த இன்ஜினில் வால்வு எப்படியோ மூடிக்கொள்ளும். சூடானதும் தண்டு நீளும். நீள இடமில்லை என்றால் வால்வு முழுதாக உட்காராமல் முடி அளவு திறந்தே இருக்கும். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம், அந்த வழியே போய்விடும். வேகமாகச் சுழலும்போது கசிய நேரம் குறைவு என்பதால் வண்டி ஓடும். ஸ்லோவில் நேரம் அதிகம் என்பதால் நின்றுவிடும். சூட்டில் உதைத்தால் கம்ப்ரெஷன் பிடிக்காது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கையில் உட்காரும்போதுதான் இறக்கிவைக்கும். உட்காராத வால்வு எரிந்து ஓரம் உதிரும். அதற்குமேல் ஹெட் வேலைதான்.

சூடாக இருக்கும்போது கிக்கரின் மேல் மெதுவாக ஏறி நின்று பாருங்கள். நல்ல கம்ப்ரெஷன் என்றால் கிக்கர் ஓர் இடத்தில் உங்களைத் தாங்கி, பிறகு மெல்ல இறங்கும். எந்தத் தடையும் இல்லாமல் "சர்" என்று கீழே போனால் கம்ப்ரெஷன் இல்லை. குளிர்ந்தபின் அதே சோதனையில் தாங்கினால் டேப்பட் மேல் சந்தேகம் வலுக்கும்.

சரிசெய்ய இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது உத்தமம். பிளக்கைக் கழற்றிவிட்டால் சுற்ற எளிது. இடது பக்கத்தில், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டின் கவரில் உள்ள இரண்டு மூடிகளைத் திறந்து, நடுத்துளை வழியாக சாக்கெட் போட்டு மேக்னெட்டை இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். மேல் துளையில் "டி" குறி கோட்டுக்கு நேராக வரும்போது பிஸ்டன் உச்சியில் இருக்கும். ஆனால் இன்ஜினின் ஒரு முழுச் சுழற்சியில், அதாவது மேக்னெட் இரண்டு சுற்று சுற்றும்போது, இரண்டு முறை அது உச்சிக்கு வரும். டேப்பட் மூடிகளைத் திறந்து ராக்கர்களைப் பாருங்கள்: சுற்றும்போது இன்டேக் வால்வு அழுங்கி மேலேறிய பிறகு வரும் "டி" குறிதான் நமக்கு வேண்டியது. தவறான உச்சியில் வைத்துச் சரிசெய்தால் இருந்ததும் கெட்டுவிடும்.

அளவு இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.08 மி.மீ. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசான இழுவையோடு நுழைய வேண்டும். சிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ சேர்ந்து திரும்பும் என்பதால் இறுக்கிய பின் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை முயன்றால்தான் சரியாக வரும், பரவாயில்லை. விரலால் ஆட்டிப் பார்த்தே வைக்கிற கைதேர்ந்த மெக்கானிக்குகள் உண்டு; முதல் முறை செய்யும் நமக்கு கேஜ் கட்டாயம் வேண்டும்.

யாராவது ஹெட்டைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இந்தக் குறை தொடங்கியது என்றால் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் ஒரு பல் தவறி உட்கார்ந்திருக்கலாம். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்லோ ஏறி ஏறி இறங்கும், சோக் எடுத்தால் அணையும்

இரண்டு காரணம். ஒன்று, ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள பைலட் ஜெட் அடைப்பு. இன்னொன்று, கார்புரேட்டருக்குப் பின்னால் எங்கோ காற்று புகுவது. இதில் இரண்டாவதை முதலில் பாருங்கள், ஏனென்றால் எதையும் கழற்ற வேண்டாம். வண்டி ஸ்லோவில் ஓடும்போது ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இணைப்புகளில் மட்டும் கொஞ்சமாகப் பீச்சுங்கள். ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் காற்று பிடிப்பது அங்கேதான். பெட்ரோலையோ கிளீனரையோ அடித்துச் சோதிக்காதீர்கள். சூடான சைலன்சர் பைப் பக்கத்திலேயே இருக்கிறது. இணைப்பில் உள்ள வட்ட ரப்பர் சில ரூபாய்ப் பொருள். மாற்றிவிட்டு இரண்டு நட்டையும் மாறி மாறி, அளவாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் கார்புரேட்டரின் முகம் வளைந்துபோகும், பிறகு புது ரப்பரும் நிற்காது.

காற்று பிடிக்கவில்லை என்றால் இப்போது கார்புரேட்டருக்கு வரலாம். அடிக் கிண்ணத்தைக் கழற்றி பைலட் ஜெட்டை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். தேவைப்பட்டால் மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றை விடலாம். ஊசியோ இரும்புக் கம்பியோ கூடாது, துளை பெரிதாகிவிடும். கலவை ஸ்க்ரூவைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் அதை உள்பக்கமாக மெதுவாகத் திருகி, உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதே எண்ணிக்கைக்குத் திரும்பினால் போதும். கடைசியாக, இன்ஜின் நன்றாகச் சூடானபின், ஸ்லோவை 1,400 ஆர்பிஎம் அருகில் வையுங்கள். ஸ்ப்ளெண்டரில் அதைக் காட்டும் மீட்டர் இல்லை. அணைந்துவிடுமோ என்ற பயமும் இல்லாமல், இரைச்சலும் இல்லாமல் சீராக ஓடும் இடம் அது.

நாற்பது ஐம்பதில், மேட்டில், டபுள்ஸில் வெட்டும்

சுமை கேட்கும்போது மட்டும் வெட்டினால் பெட்ரோல் போதவில்லை அல்லது ஸ்பார்க் தாங்கவில்லை. இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டியை நிறுத்தி, சோக்கைப் பாதி போட்டுவிட்டு அதே மேட்டில் ஏற்றுங்கள். வெட்டு குறைந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. அதிகமானால் பெட்ரோல் ஏற்கெனவே கூடுதல், அல்லது ஸ்பார்க் குறை.

பற்றாக்குறை என்று தெரிந்தால் கார்புரேட்டர் பக்கம் டியூபை உருவி, பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறங்கள். தடையில்லாமல் சீரான தாரையாக வர வேண்டும். தாரை மெலிந்து சொட்டாக மாறினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் தாரை பெருகினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெருகவில்லை என்றால் டேப்பின் வலை. டேங்கைக் காலிசெய்து டேப்பைக் கழற்றினால் குழாயின் மேல் வலைத்தொப்பி தெரியும். எங்களுடையதில் துருத்தூள் சோளமாவு போல அப்பியிருந்தது. ரிசர்வில் போட்டால் வெட்டுகிறது, மெயினில் சரி என்றாலும் இதே கதைதான், ரிசர்வ் அடியிலிருந்து எடுப்பதால் அழுக்கு முதலில் அங்கே வரும். வலையைச் சுத்தம் செய்வதோடு டேங்கின் துருவையும் கழுவி எடுக்காவிட்டால் ஒரு மாதத்தில் மறுபடி அடைக்கும்.

ஸ்பார்க் பக்கம் என்றால் பிளக் கேப்பில் தொடங்குங்கள். அது வயரில் திருகி நிற்பது. திருகி எடுத்துப் பார்த்தால் வயர் முனை பச்சை பூத்திருக்கும். அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் கேப்பை மறுபடி திருகுங்கள். பல வண்டிகள் இதிலேயே குணமாகும். இந்த வண்டியில் ஸ்பார்க்கை மின்னணு முறையில் தரும் சிடிஐ பெட்டி இருப்பதால் பாயிண்ட் செட் வைக்கும் வேலை இல்லை, டைமிங்கும் அசைக்கக்கூடியது அல்ல.

மழையில் மட்டும் மிஸ் ஆகிறது என்றாலும் இதே கேப்பும் வயரும்தான். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கை வைக்காமல் பாருங்கள், நல்ல அடி அடிக்கும். கொட்டகைக்குள் கதவை மூடிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். இருட்டுக்காகப் புகையில் உட்காரக்கூடாது.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும், ஆறினால் கிளம்பும்

நின்ற அந்த இடத்திலேயே பார்த்தால்தான் பிடிபடும். பையில் ஒரு பிளக் ஸ்பேனரும் நல்ல பிளக் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி கிளம்பினால் மூடியின் துளைதான். குளவி மண் வைத்து அடைத்த மூடிகளைப் பார்த்திருக்கிறேன்.

மூடியில் ஒன்றும் இல்லை என்றால் கையிலிருக்கும் பிளக்கைக் கேப்பில் செருகி, இன்ஜின் உலோகத்தில் ஒட்டவைத்து உதையுங்கள். இன்ஜினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். திறந்த துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பொறியில் பற்றும். "டப் டப்" என்று நீலமாக விழுந்தால் ஸ்பார்க் சரி, கம்ப்ரெஷனையும் பெட்ரோலையும் பாருங்கள். மங்கிய ஆரஞ்சு, அல்லது ஒன்றுமே இல்லை என்றால் சூட்டில் விடுபடும் பொருள் ஒன்று இருக்கிறது: இக்னிஷன் காயில், பிக்கப் காயில், மேக்னெட்டுக்குள் இருக்கும் சார்ஜிங் காயில், சிடிஐ. வாங்கி வாங்கிச் சோதிக்காதீர்கள். ஓடும் இன்னொரு ஸ்ப்ளெண்டரிலிருந்து சிடிஐயையும் காயிலையும் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஊரில் இந்த வண்டி இல்லாத தெரு ஏது? சாவிக்குப் போகும் வயர் உரசி பாடியில் படுகிறதா என்பதையும் ஹேண்டிலை இடம் வலம் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

புகையும் வாடையும்

கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் பாதி என்றால் சோக் முழுதாகத் திரும்பவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது ஃப்ளோட் வால்வு கசிகிறது. வண்டி நிற்கும்போது கார்புரேட்டரின் வழிவுக் குழாயில் சொட்டுகிறதா என்று பார்த்தால் கடைசியது தெரிந்துவிடும்.

நீலப் புகை ஆயில் புகை. காலையில் முதல் உதையில் ஒரு கொத்து வந்து மறைந்தால் வால்வு சீல். ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங். உறுதிசெய்ய, பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மறுபடி மாட்டி, கிக்கரை அழுத்திப் பாருங்கள். முன்பைவிடத் தடை கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடவில்லை என்றால் வால்வு வழியே போகிறது. அதுவரை ஆயில் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள். ஆயில் வற்றி இன்ஜின் பிடித்துக்கொண்டால் செலவு பல மடங்கு.

ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் "பட பட" என்று வெடித்தால் சைலன்சர் ஹெட்டோடு சேரும் இடத்து கேஸ்கெட்டைப் பாருங்கள். அங்கே கறுப்புக் கறை இருந்தால் போதும், அதுதான். கேஸ்கெட் நன்றாக இருந்து வெடித்தால் ஸ்லோ கலவையில் பெட்ரோல் குறைவு.

இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. லிவரில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் நழுவினால் பிளேட் மாற்றுங்கள்.

புகைச் சோதனைச் சீட்டை வீசாதீர்கள்

அந்தச் சீட்டைப் பெட்ரோல் பங்கில் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். அதில் இருக்கும் இரண்டு எண்கள் நமக்குப் பயன்படும். 2000 ஏப்ரலுக்குப் பின் தயாரான, பிஎஸ் 4-க்கு முந்தைய நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம். முதல் எண் எகிறினால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. முதல் எண் குறைந்து இரண்டாவது மட்டும் எகிறினால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது, அதாவது மிஸ் ஆகிறது: ஸ்பார்க், காற்றுக் கசிவு, வால்வு. டேப்பட் வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை எடுத்து ஒப்பிட்டால் செய்த வேலை எண்ணாகவே தெரியும். 15 ஆண்டு முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் வண்டிக்கு இந்தச் சீட்டு எப்படியும் வேண்டும். அந்த ஆய்வுக்கு முன் பிரேக் ஷூ, டயர், எல்லா விளக்குகள், ஹார்ன் ஆகியவற்றையும் முடித்துவிடுங்கள்.

செய்த ஒவ்வொரு வேலையையும் தேதியோடும் கிலோமீட்டரோடும் சைடு கவரின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதுங்கள். முக்கியமாக டேப்பட். 0.08-இல் வைத்ததை 1,000 கிலோமீட்டரில் மறுபடி அளக்க வேண்டும். அளவு அப்படியே இருந்தால் இனி சர்வீசுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதற்குள் மறுபடி இறுகியிருந்தால் வால்வின் இருக்கை கரைந்துகொண்டிருக்கிறது. மறுபடி லூசாக்கி ஓட்டிக்கொண்டே போகாமல், ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்றி, சீட் பிடித்து, சீலும் போட நல்ல லேத் வசதி உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கள் வண்டியில் 1,000-இலும் அளந்தேன், 2,000-இலும் அளந்தேன். கேஜ் அதே இழுவையோடு நுழைந்தது. ஹெட்டைத் திறக்கவில்லை.